வில்மர்டிங் கோட்டையும் ரயிலின் ‘புஸ்’ சத்தமும்: காற்று போனால் பிரேக் பிடிக்குமா, விடுமா?

தீபா (பிட்ஸ்பர்க்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பென் ஹில்ஸ் வெங்கடேசுவரர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வழியைத் தவறவிட்டு, டர்ட்டில் கிரீக் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டோம். அங்கே வில்மர்டிங் என்று ஒரு சின்ன ஊர். பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஊர் நடுவே மணிக்கூண்டு வைத்த பெரிய கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. ‘கோட்டை’ என்றே அதைச் சொல்கிறார்கள். ஆனால் எந்த ராஜாவும் கட்டியதில்லை, வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் கம்பெனியின் தலைமை அலுவலகமாக இருந்ததாம். பக்கத்துத் தெருவின் பெயர் ஏர் பிரேக் அவென்யூ. என் மகனுக்கு ஒன்பது வயது. “தெருவுக்குப் போய் யாராவது பிரேக் என்று பெயர் வைப்பார்களா?” என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்று கேள்வி ஆரம்பித்தது. “காற்றில் வேலை செய்கிற பிரேக் என்றால், குழாய் ஓட்டையானால் ரயில் நிற்கவே நிற்காதே?” நான் கணக்கு எழுதுகிற ஆள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்ன வயதில் கரூர் ஸ்டேஷனில் கேட்ட ‘புஸ்ஸ்’ சத்தம்தான். அது பிரேக் பிடிக்கும் சத்தமா, விடும் சத்தமா என்றுகூடத் தெரியாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்பத்தூரில் இருந்த வாப்கோவும் இந்த வெஸ்டிங்ஹவுஸும் ஒன்றுதானா? நம் ஊர் ரயில்களில் இவர்கள் சாமான் இருக்கிறதா? ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், ஒன்பது வயதுப் பையனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

---

பழைய கலாசி (ஈரோடு):

அம்மணி, உங்கள் பையன் கேட்டதை நான் 1982-ல் வேலையில் சேர்ந்த முதல் வாரமே எங்கள் மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் வாயால் பதில் சொல்லவில்லை. யார்டில் இன்ஜின் மாட்டி ரெடியாக நின்ற ஒரு வண்டியின் கடைசிப் பெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஹோஸ் பைப்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வந்தது. அடுத்த நொடி, வண்டி நெடுக பிரேக் கட்டைகள் சக்கரத்தைக் கவ்விக்கொண்டன. “பார்த்துக்கோ, பைப்பு போனா வண்டி நிக்கும், ஓடாது” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அப்போது எங்களிடம் இருந்தது வேக்யூம் பிரேக், அதாவது குழாயில் இருக்கிற காற்றை உறிஞ்சி வைத்து வேலை செய்வது. ஏர் பிரேக் பிறகு வந்தது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

பெட்டிகளைப் பராமரிக்கும் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் கலாசியாக (உதவித் தொழிலாளியாக) சேர்ந்து சீனியர் டெக்னீஷியனாக வெளியே வந்தவன் நான். படித்ததைவிட வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தது அதிகம். அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பையனைப் பாராட்டுங்கள். அவன் சொன்ன குறை, வெஸ்டிங்ஹவுஸின் முதல் மாடலில் நிஜமாகவே இருந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் காப்புரிமை வாங்கியபோது அவருக்கு 22 வயது. கம்பெனி தொடங்கியதும் அதே வருடம் பிட்ஸ்பர்க்கில்தான். ஆல்ப்ஸ் மலையில் சுரங்கம் குடைவதற்குக் காற்றைக் குழாயில் அழுத்தி அனுப்புகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, அந்தக் காற்றால் ரயிலை ஏன் நிறுத்தக் கூடாது என்று யோசித்தவர். இன்ஜினில் ஒரு பம்ப், ஒரு காற்றுத் தொட்டி. அங்கிருந்து வண்டி நெடுக ஒரு குழாய். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிலிண்டர். டிரைவர் காற்றைத் திறந்து விட்டால் பிரேக் பிடிக்கும். சோதனை ஓட்டத்தில் டேனியல் டேட் என்ற டிரைவர் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும், தண்டவாளத்தின் குறுக்கே ஒரு குதிரை வண்டியும் கீழே விழுந்து கிடந்த வண்டிக்காரரும் தெரிந்தார்கள். டேட் பிரேக்கைப் போட்டார். அவர்களுக்குச் சில அடி முன்னால் ரயில் நின்றது. விளம்பரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

ஆனால் அந்த மாடலில் குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. நடுவில் கப்ளிங் விட்டுப்போனாலும் அப்படித்தான். போதாததற்கு, காற்று கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். அதற்குள் முன்பெட்டிகள் பிடித்துவிடும், பின்பெட்டிகள் வந்து மோதும்.

1872-ல் மனுஷன் எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பினார். இதுதான் விஷயமே. பையனுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே சொந்தமாக ஒரு காற்றுத் தொட்டி. வண்டி கிளம்பும் முன் குழாய் வழியாக எல்லாத் தொட்டிகளையும் நிரப்பி வைத்துவிடுவார்கள். குழாய்க்கும் தொட்டிக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு வால்வு, வாசலில் உட்கார்ந்த காவல்காரன் மாதிரி. குழாயில் அழுத்தம் இருக்கிற வரை அவன் சும்மா இருப்பான். அழுத்தம் குறைந்தது என்று தெரிந்தால் போதும், தொட்டிக் காற்றை எடுத்து சிலிண்டருக்குள் விட்டுவிடுவான். ஏன் குறைந்தது என்று அவன் கேட்க மாட்டான். டிரைவர் குறைத்தாரா, குழாய் வெடித்ததா, பெட்டி கழன்றதா, யாராவது செயினை இழுத்தார்களா, அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். நிரப்புவது, பிடிப்பது, விடுவது என்று மூன்று வேலையும் அந்த ஒரே வால்வு செய்ததால் டிரிபிள் வால்வு என்று பெயர். எங்கள் காலத்தில் அந்த இடத்தில் இருந்தது டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு. சுருக்கமாக டி.வி. என்போம். வீட்டில் “இன்னைக்கு நாலு டி.வி. மாத்தினேன்” என்று சொல்லப்போய், பக்கத்து வீட்டம்மா தன் டி.வி.யையும் பார்க்கச் சொன்ன கதை உண்டு.

சரி, நம் ஊர்க் கணக்கு. குழாயில் 5 கிலோ பிரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு) வைத்திருப்போம். கடைசியில் இருக்கும் கார்டு வேனில் 4.8 காட்ட வேண்டும். அதில் அரைக் கிலோ குறைத்தால் பிரேக் லேசாகத் தொடும். ஒன்றரைக் கிலோ குறைத்தால் முழுப் பிரேக். அப்போது சிலிண்டரில் 3.8 கிலோ ஏறியிருக்கும். மறுபடி குழாயில் 5 கிலோவை ஏற்றினால் சிலிண்டரில் இருக்கிற காற்று வெளியே போகும். பெட்டிக்கு அடியில் நீங்கள் கேட்ட ‘புஸ்ஸ்’ அதுதான். பிரேக் விடுகிற சத்தம். வண்டி கிளம்பப்போகிறது என்று அர்த்தம். பிளாட்பாரத்தில் வடை வாங்கிக்கொண்டிருப்பவர்கள் ஓட வேண்டிய நேரம்.

அமெரிக்காவில் பாசஞ்சர் வண்டிக்கு இது சீக்கிரம் வந்துவிட்டது. சரக்கு வண்டிதான் தகராறு. அங்கே பிரேக்மேன் என்று ஒரு வேலை இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூரை மேல் நடந்து, ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கும் சக்கரத்தைத் திருகிப் பிரேக் போட வேண்டும். மழை, பனி எதுவானாலும் அதேதான். செத்தவர்கள் கொஞ்சமல்ல. 1886, 1887-ல் அயோவாவின் பர்லிங்டனில் 50 பெட்டி கோத்த சரக்கு வண்டிகளை வைத்துப் பெரிய சோதனை நடத்தினார்கள். வெஸ்டிங்ஹவுஸ் பிரேக்கே அங்கே சறுக்கியது. முன்பெட்டி பிடித்து, பின்பெட்டி வந்து இடித்து, உள்ளே இருந்தவர்கள் உருண்டார்கள். இவ்வளவு நீள வண்டிக்குக் காற்று மட்டும் போதாது, மின்சாரம் சேர்க்க வேண்டும் என்றே பலர் முடிவுகட்டினார்கள். வெஸ்டிங்ஹவுஸ் சில மாதத்தில் வால்வை மாற்றினார். முதல் பெட்டியின் வால்வு அழுத்தம் குறைந்ததை உணர்ந்ததும், அந்த இடத்திலேயே குழாய்க் காற்றைக் கொஞ்சம் வெளியே விடும். அதனால் அடுத்த பெட்டிக்கு உடனே தெரியும். அது தன் பங்குக்கு விடும். தலைமாட்டில் ஒருவன் இருமினால் கால்மாட்டில் படுத்திருப்பவன் வரை எழுகிற மாதிரி, தகவல் ஓடிவிடும். அந்த வால்வு வந்த பிறகு 1893-ல் அமெரிக்க அரசு சட்டமே போட்டது, சரக்கு வண்டிக்கும் ஏர் பிரேக் வேண்டும் என்று. நீங்கள் பார்த்த வில்மர்டிங் தொழிற்சாலை 1890 வாக்கில் வந்தது. அடுத்து எவ்வளவு ஆர்டர் வந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள், அது உங்கள் தொழில்.

ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். தொழிலாளிக்கு சனிக்கிழமை அரை நாள் லீவு விடுவதை 1871-லேயே தொடங்கியவர் என்று வெஸ்டிங்ஹவுஸைச் சொல்வார்கள். யூனியன்காரன் நான், அதைச் சொல்லாமல் விட முடியாது.

நம் நாட்டுக்கு ஏன் தாமதம் என்றால், நமக்கு ரயில் பழக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்கள் ஊரில் பெரும்பாலான கம்பெனிகள் வேக்யூம் பக்கம் நின்றன. அதையே இங்கும் மாட்டிவிட்டார்கள். வேக்யூமில் ஒரு வரம்பு உண்டு. குழாயில் இருக்கிற காற்றை முழுக்க உறிஞ்சினாலும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உங்களுக்குப் பலம் கிடைக்காது. அதனால் அண்டா மாதிரி சிலிண்டர் வேண்டும், வண்டியையும் நீட்ட முடியாது. எண்பதுகளில் பாக்ஸ்-என் என்ற சரக்கு வேகன்கள் ஏர் பிரேக்கோடு வந்தன. ஒரு ரேக்குக்கு, அதாவது ஒரு முழு வண்டிக்கு, 58 வேகன். முதல் தடவை அதன் நீளத்தை நடந்து எக்ஸாமின் பண்ணிய அன்று, வேலைக்கே ராஜினாமா கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

வெஸ்டிங்ஹவுஸ் சாமான் நம் வண்டியில் இருக்கிறதா என்றால், சுற்றி வளைத்து உண்டு. ஓசூரில் ரயில் பிரேக் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. எங்கள் காலத்தில் அதன் பெயர் சாப் வாப்கோ, பிறகு ஃபைவ்லி. அங்கே செய்த ஸ்லாக் அட்ஜஸ்டர்களை (பிரேக் கட்டை தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்கிற சாமான்) எத்தனை கழற்றி மாட்டினேன் என்று கணக்கே இல்லை. அந்த ஃபைவ்லியை 2016-ல் வாப்டெக் வாங்கியது. வாப்டெக் என்பது நீங்கள் பார்த்த கோட்டைக்காரர்களின் இன்றைய பெயர். 2019 வரை அவர்கள் தலைமை அலுவலகம் அந்த ஏர் பிரேக் அவென்யூவில்தான் இருந்தது. ஈரோட்டில் படுத்துக்கொண்டு நான் முடுக்கிய நட்டுக்கும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பந்தம் இருக்கிறது பாருங்கள்.

---

பாடி பாலு:

தீபா மேடம், அம்பத்தூர் பக்கத்தை நான் சொல்கிறேன். 1962-ல் சுந்தரம் கிளேட்டன் கம்பெனி சென்னை பாடியில் தொடங்கியது இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் கம்பெனியோடு சேர்ந்து. லாரி, பஸ் ஏர் பிரேக் செய்தார்கள். அதன் பிரேக் பிரிவுதான் பின்னால் வாப்கோ இந்தியா ஆனது. இப்போது அதுவும் இல்லை, இசட்.எஃப். என்ற ஜெர்மன் பெயர்.

வாப்கோ, வாப்டெக் இரண்டுக்கும் மூதாதை ஒன்று. 1968-ல் வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக்கை அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் என்ற கம்பெனி வாங்கியது. குளியலறைத் தொட்டி, கழிப்பறைப் பீங்கான் விற்கிறார்களே, அவர்களேதான். 1990-ல் அமெரிக்க ரயில் பிரேக் பிரிவு தனியே பிரிந்து, 1999-ல் வாப்டெக் ஆனது. ரோட்டு வண்டிப் பிரிவு 2007-ல் வாப்கோ என்ற பெயரோடு வெளியே வந்தது. பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தாத்தா, தனித்தனி ரேஷன் கார்டு.

---

கோ-பைலட் சேலம்:

கலாசி அண்ணே, அருமை. ஒரு சின்ன திருத்தம் மட்டும். நம் டி.வி.யை டிரிபிள் வால்வின் பேரன் என்று சொல்லலாம், அதே ஆள் இல்லை. டிரிபிள் வால்வு குழாய் அழுத்தத்தையும் தொட்டி அழுத்தத்தையும் ஒப்பிடும். அதனால் குழாயில் அழுத்தம் கொஞ்சம் ஏறினாலே பிரேக்கை முழுசாக விட்டுவிடும். பாதி விட்டுப் பாதி பிடித்து வைக்க முடியாது. அமெரிக்கச் சரக்கு வண்டிகள் இன்றும் இந்த வழியில்தான் ஓடுகின்றன. இறக்கத்தில் விட்டுவிட்டுப் பிடித்தால் தொட்டி நிரம்ப நேரம் இல்லாமல் காற்று தீர்ந்துகொண்டே போகும்.

நம்முடையதில் கண்ட்ரோல் ரிசர்வாயர் என்று 6 லிட்டரில் ஒரு குட்டித் தொட்டி தனியாக இருக்கிறது. அதில் 5 கிலோவை அடைத்து வைத்து, அதை அளவுகோலாக வைத்து வால்வு ஒப்பிடும். அதனால் படிப்படியாகப் பிடித்துப் படிப்படியாக விடலாம். சரக்கு வண்டிக்கு இப்படிப் படிப்படியாக விடும் வித்தையை முதலில் கொண்டுவந்தது ஜெர்மனியின் குன்ட்ஸே-க்னோர் பிரேக், 1918-ல். க்னோர் பிரெம்ஸே 1905-ல் பெர்லினில் தொடங்கிய கம்பெனி, இன்றும் வாப்டெக்குக்குச் சரியான போட்டி. டேனிஷ்பேட்டை பக்கம் இறக்கத்தில் லோடு வண்டியோடு இறங்கும்போதெல்லாம் அந்த ஜெர்மன்காரர்களுக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்வேன்.

---

தீபா (பிட்ஸ்பர்க்):

மூன்று பேருக்கும் மிகவும் நன்றி. ஐயா, காவல்காரன் கதையைப் பையனுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். உடனே, தான் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் வெஸ்டிங்ஹவுஸிடம் வேலை கிடைத்திருக்கும் என்று சொல்லிவிட்டான்.

நேற்று மறுபடி வில்மர்டிங் போக வேண்டும் என்று அடம். போனோம். தண்டவாளம் ஊரை ஒட்டியே போகிறது. நீளமான சரக்கு வண்டி ஒன்று போயிற்று, 130 பெட்டி வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டோம். இப்போது இரண்டு புதுக் கேள்விகள். ஒவ்வொரு பெட்டியின் ஒரு முனையிலும் ஸ்டீயரிங் மாதிரி ஒரு சக்கரம் இருக்கிறது, அது எதற்கு? இரண்டாவது: “அந்தத் தொட்டியிலும் ஓட்டை விழுந்தால் காவல்காரன் என்ன செய்வான்?”

---

பழைய கலாசி (ஈரோடு):

கோ-பைலட் தம்பி சொன்ன திருத்தம் சரிதான். கலாசி சொன்னதை லோகோ பைலட் திருத்துவதும் ரயில்வே மரபுதான்.

அம்மணி, உங்கள் பையனை அங்கேயே ஏதாவது ரயில்வே வேலையில் சேர்த்துவிடுங்கள். அவன் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்.

தொட்டியில் காற்று இல்லாவிட்டால் காவல்காரன் ஒன்றும் செய்ய மாட்டான். அவன் கையில் ஆயுதம் இல்லை. ஓட்டை விழ வேண்டும் என்றுகூட இல்லை. இன்ஜினைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளை நிறுத்தி வைத்தால் பிரேக் பிடித்தபடிதான் நிற்கும். ஆனால் எந்த சிலிண்டரும் என்றைக்கும் காற்றைப் பிடித்து வைக்காது. வாஷர், ஜாயிண்ட் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் பிஸ்டன் மெல்ல உள்ளே போகும், பிரேக் கட்டை சக்கரத்தை விட்டுவிடும். சத்தமே வராது. அதுதான் ஆபத்து.

அதற்காக இருப்பதுதான் அந்தச் சக்கரம். ஹேண்ட் பிரேக். திருகினால் சங்கிலியோ கம்பியோ இழுத்து, காற்றைக் கேட்காமல் பிரேக் கட்டையை அழுத்தும். அந்தக் காலத்தில் பிரேக்மேன் கூரை மேல் ஏறித் திருகியது இதைத்தான். ஏர் பிரேக் வந்த பிறகும் அதை எடுக்கவில்லை, கூரையிலிருந்து கீழே இறக்கி வைத்தார்கள்.

2013 ஜூலை 6, கனடாவில் லாக் மெகான்டிக். கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டேங்கர், 5 இன்ஜின். இரவு ஒரு மேட்டில் நிறுத்திவிட்டு டிரைவர் ஓட்டலுக்குப் போனார். போட்டது 7 ஹேண்ட் பிரேக். அது பிடிக்கிறதா என்று சோதித்தபோது இன்ஜினின் காற்றுப் பிரேக்கும் பிடித்துக்கொண்டிருந்தது, அதனால் நன்றாகப் பிடிக்கிற மாதிரியே தெரிந்தது. பெட்டிகளின் காற்றுப் பிரேக்கைப் போடவே இல்லை. பிறகு ஓடிக்கொண்டிருந்த ஒரே இன்ஜினில் தீ. அணைக்க வந்தவர்கள் இன்ஜினை நிறுத்தினார்கள். கம்ப்ரஸர் நின்றது, காற்று கசிந்தது, ஒரு மணி நேரத்தில் வண்டி தானாக இறங்கியது. ஊர் நடுவே கவிழ்ந்து எரிந்து 47 பேர் போனார்கள். குழாய் அறுந்திருந்தால் அன்றைக்கு வண்டி நின்றிருக்கும். மெல்லக் கசிந்ததால்தான் போயிற்று. அவ்வளவு மெல்லக் குறைந்தால் வால்வுக்கு உறைக்காது. நம் நாட்டிலும் 2024 பிப்ரவரியில் கத்துவாவிலிருந்து ஜல்லி ஏற்றிய சரக்கு வண்டி ஆளில்லாமல் 70 கிலோமீட்டர் ஓடியது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். இரவு டூட்டியில் மூன்று வேகன்களை ரிப்பேர் லைனில் நிறுத்தினோம். பிரேக் நன்றாகப் பிடித்திருந்தது, கையால் தட்டிப் பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கை விடியற்காலையில் போட்டுக்கொள்ளலாம், சக்கரத்துக்குக் கட்டையும் அப்போது வைக்கலாம் என்று டீ குடிக்கப் போனேன், என் மேஸ்திரி மாதிரியே. நாலு மணிக்கு ‘டம்’ என்று சத்தம். மூன்றும் நகர்ந்து போய், தண்டவாளம் முடிகிற டெட் எண்டில் முட்டி நின்றன. ஆளுக்குச் சேதமில்லை, எனக்கு சார்ஜ் ஷீட். டி.வி.க்குக் காற்று நிரப்புகிற சார்ஜ் வேறு, இது வேறு. ஒரு இன்க்ரிமென்ட் போயிற்று.

அடுத்த தடவை நிற்கிற வண்டி ஏதாவது கிடைத்தால், வேலிக்கு வெளியே தூரத்தில் நின்று பையனிடம் சிலிண்டரைக் காட்டுங்கள். பிஸ்டன் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காற்று பிடித்திருக்கிறது. உள்ளே போயிருந்தால் அந்தச் சக்கரத்துச் சங்கிலியைப் பார்க்கச் சொல்லுங்கள், விறைப்பாக இருக்கிறதா, தொங்குகிறதா என்று.